ஓரகத்தி பார்த்த அறை

நாத்தனார் மகள் கல்யாணத்துக்காகக் கைக்குழந்தையோடு செஞ்சிக்குப் போயிருந்தோம். மண்டபத்தில் இடமில்லாததால் பக்கத்திலேயே மலிவான ஒரு லாட்ஜ். நான் மாடி அறையை எடுத்தேன். ஜன்னலைத் திறந்தால் கோட்டை மலை தெரிந்தது.

என் ஓரகத்தி ஜன்னல் பக்கமே போகவில்லை. குழாயில் வெந்நீர் வருகிறதா, கட்டிலைச் சுவரோரம் தள்ள முடியுமா என்று பார்த்துவிட்டு, கீழே பின்பக்க அறையை எடுத்துக்கொண்டாள். பிள்ளை இல்லாதவளுக்கு இவ்வளவு எதற்கு என்று நினைத்தேன்.

மத்தியானத்துக்குள் மாடி அறை கொதித்தது. பஸ் ஹாரன் சத்தத்தில் குழந்தை கண்ணை மூடவே இல்லை. குளிப்பாட்ட வெந்நீர் கேட்டுக் கீழே போனேன். அவள் அறை குளிர்ச்சியாக, சத்தமில்லாமல் இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

"உங்களுக்கு மட்டும் எப்படிக்கா இப்படி ரூம் கெடைக்குது?"

"உனக்குத்தான் பாத்தேன். நீ மலையப் பாத்து சந்தோஷமா இருந்த, அதான் சொல்லல. இங்கயே இரு, நான் மேல போறேன்."

பேசிக்கொண்டே குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டாள். அவன் உடனே தூங்கிப்போனான். கட்டிலில் சுவரோரமாகப் படுக்கவைத்து, தலையணையை அணைவாக வைத்துவிட்டு, பையோடு மாடிக்குப் போனாள்.

நான் கேட்காமலே அறை கிடைத்துவிட்டது. ஆனாலும் எரிச்சல் தணியவில்லை. பெற்றவள் எனக்குத் தோன்றாதது அவளுக்கு எப்படித் தோன்றியது என்றே யோசித்துக்கொண்டு, தூங்கும் மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.