மாப்பிள்ளை போட்ட கூரை

மணல் மூட்டைகளின் கீழே மடங்கிப்போன, மடிப்பு மடிப்பான ஒரு இரும்பு ஷீட்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. இரண்டு கருங்கற்களின் மேல் பாலம்போல அதைக் கிடத்தியிருந்தோம். ஒரு பக்கம் அப்பா. எதிரே, கையைக் கட்டிக்கொண்டு என் தங்கை வீட்டுக்காரர். நானும் அவரும் ஒரே டிப்ளமோ படித்தவர்கள். அவருக்குச் சேலத்தில் கூரைத் தகடு செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்தது. எனக்கு நைனார்பாளையத்தில் அப்பாவின் நிலம்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடம் அது. சாலையெங்கும் மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். தாய்வீட்டுக்கு வந்திருந்த தங்கையைப் பார்க்க வந்த மாப்பிள்ளை, பஸ் ஓடாததால் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். அப்பா, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை மூட்டைகளை அடுக்கிவைக்கக் கொட்டகை கட்டிக்கொண்டிருந்தார். ஷீட்டுகள் முன்னதாகவே வந்துவிட்டன. அவற்றைத் தாங்கவேண்டிய இரும்புச் சட்டங்களில் பாதி, கள்ளக்குறிச்சிக்கு அப்பால் லாரியோடு மாட்டிக்கொண்டது. ஐப்பசி மழையோ நெருங்கிவிட்டது.

"இருக்கிற சட்டத்தையே தள்ளித் தள்ளிப் போட்டுக்கலாம்பா. ஷீட்டு நல்ல கனம்" என்றேன்.

அப்பா மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "நீங்க இன்னா சொல்றீங்க மாப்ள?" என்றார்.

"வெச்சே பாத்துடலாம் மாமா."

மாப்பிள்ளை முதலில் கற்களை நெருக்கிப் போட்டார். மணல் மூட்டைகளை ஏற்ற ஏற்ற ஷீட் அசையவே இல்லை. பிறகு கற்களை இரண்டு மடங்கு தள்ளி வைத்தார். இரண்டாவது மூட்டைக்கே நடுவில் தொய்ந்தது. தாங்கிவிட வேண்டும் என்று என் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. மூன்றாவது மூட்டை ஏறியதும் மேல்மடிப்பு படக்கென்று நசுங்கி, ஷீட் முழங்கால்போல மடங்கியது.

"கனத்துல இல்ல மச்சான், மடிப்போட உயரத்துலதான் பலமே. இடைவெளி கூடினா தொய்வு பல மடங்கு ஜாஸ்தியாவும். அப்புறம் மேல்மடிப்பு நசுங்கிடும்" என்றார் என்னிடம். குரலில் துளி ஏளனம் இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அவர் சொன்னது எனக்கும் பாடத்தில் இருந்ததுதான்.

சட்டங்களுக்கு நடுவே பனஞ்சட்டம் கொடுக்கலாம் என்றார். வரப்போரப் பனையில் ஒன்றை மோட்டார் கொட்டகைக்காக நான் கேட்டபோதெல்லாம், "தாத்தா வெச்ச மரம்" என்று வாயை அடைத்தவர் அப்பா. மாப்பிள்ளை கேட்ட மறுநாளே இரண்டை வெட்டச் சொன்னார். கோடாலிச் சத்தம் வீடுவரை கேட்டது. அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. "ஏண்ணா, உடம்பு சரியில்லையா?" என்று தங்கை கேட்டாள்.

சாலையில் கிடந்த மரங்களை அகற்றி வண்டி விட்டதும், கூரையைப் போட்டு முடித்திருந்த மாப்பிள்ளை சேலம் போய்விட்டார். அடுத்த வாரம் பெருமழை. நான் கொட்டகைக்குள் போய் நின்றேன். மூட்டைகளைப் பார்க்கப் போனதாகச் சொல்லிக்கொண்டேன். உண்மையில், எங்காவது ஒரு இடத்தில் ஒழுகாதா என்றுதான் அண்ணாந்து தேடினேன். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அப்பாவும் வந்து பக்கத்தில் நின்றார். அவரும் அண்ணாந்து பார்த்தார்.

"ஒரு சொட்டு எறங்கல, பாத்தியா?"

"இல்லப்பா" என்றேன்.

என் தோளில் கை வைத்தார். நெடுநாள் கழித்து வைத்த கை. அதையும் மாப்பிள்ளைதான் வாங்கிக் கொடுத்தாரோ என்றிருந்தது. அப்பா இப்போது இல்லை. மாப்பிள்ளையும் நானும் கிழவர்களாகிவிட்டோம். பேரப்பிள்ளைகளின் காதுகுத்துக்குச் சேர்ந்தே போகிறோம். அப்பாவின் பேச்சு வரும்போது மட்டும், மாப்பிள்ளை வாய் திறப்பதற்குள் நான் பேச ஆரம்பித்துவிடுகிறேன்.