பெரியவரும் தேன்தின்னியும்

1. கம்பத்தின் மேல்

மின்வாரியத்தில் வயர்மேனாகச் சேர்ந்த புதிது. பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத் தோட்டங்களுக்குப் போகும் லைனில் வேலை. லைனில் வேலை செய்வதற்கான லைன் கிளியர் அனுமதி வாங்கி, சப்ளையை நிறுத்திவிட்டு, கம்பத்தின் உச்சியில் உடைந்த இன்சுலேட்டரை மாற்றிக்கொண்டிருந்தேன். கீழே கயிற்றைப் பிடித்திருந்தவர் மாரப்பன். என் வயதுதான், அடிவாரத்துக்காரர்.

சோளக்காட்டிலிருந்து துதிக்கையும் தந்தமுமாக ஒன்று வெளியே வந்தது. நான் அதன் பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

"பேரைச் சொல்லாத மாப்ள. கூப்பிட்ட மாதிரி ஆயிரும். பெரியவருன்னு சொல்லு" என்றார் மாரப்பன், குரலை உயர்த்தாமல்.

பெரியவர் நேராக வந்து கம்பத்தில் முதுகைத் தேய்த்தார். கம்பம் ஆடியது. நான் விழாமல் இடுப்பு பெல்ட் பிடித்திருந்தது. கம்பமே சாய்ந்தால் பெல்ட் என்ன செய்யும்? மாரப்பன் நாங்கள் வந்த ஜீப்பை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. அதன் மறைவில் நின்று பேச ஆரம்பித்தார்.

"ஏனுங்க பெரியவரே, மேல இருக்கறவன் புதுசுங்க. கொஞ்சம் வாய்த்துடுக்கு. மனசுல வெச்சுக்காதீங்க."

எனக்குச் சம்பளம் குறைவு என்பதையும், இன்னும் பெண் அமையவில்லை என்பதையும்கூட அவரிடம் சொன்னார். அரிப்பு தீர்ந்ததோ, என் கதை சலித்ததோ, பெரியவர் ஓடைப் பக்கம் இறங்கிப் போனார்.

2. தேதி இல்லாத சொல்

எதற்கும் தேதி குறித்து வைப்பவன் நான். ஓய்வுபெற்ற பின், தேதியே குறிக்க முடியாத ஒரு சொல்லைப் பற்றிப் படித்தேன். ரஷ்யன், போலிஷ், செக் முதலிய மொழிகளுக்குத் தாயான பழைய ஸ்லாவிய மொழிக்கு எழுத்து இல்லை. மகள் மொழிகளை ஒப்பிட்டே அதன் சொற்களை மீட்டிருக்கிறார்கள். யாரும் எழுதிக் கண்டதில்லை என்பதற்கு அடையாளமாக முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுகிறார்கள்.

அப்படி மீட்ட ஒரு சொல், *மெத்வேதி. 'மெத்' என்றால் தேன். நாம் அறிந்த 'மது'வுக்கு உறவு. பின்பாதி, உண்பதைக் குறிப்பது. தேன்தின்னி, அதாவது கரடி. ரஷ்யனில் அது மெத்வேத். போலிஷில் 'ம' போய் 'ந' வந்துவிட்டது. உக்ரைனியனில் பாதிகள் இடம் மாறி வெத்மித் ஆயிற்று. கரடிக்கு வேறு பழைய பெயர் இருந்ததாம். காட்டில் அதைச் சொல்ல அஞ்சி அவர்கள் இப்படி அழைத்தார்கள் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

படித்ததும் மாரப்பனுக்கு போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப அங்கயும் நம்மாளுக இருந்திருக்காங்க. நெசப் பேரு என்னவாம்?"

"அவங்களே மறந்துட்டாங்களாம்."

"நல்லதாப் போச்சு, உடு."

பெயரைச் சொல்லாததால்தான் பெரியவர் போனாரா, எனக்குத் தெரியாது. கீழே ஒருவர் ஓடாமல் நின்றார் என்பது தெரியும். மேலே ஏறுகிறவனுக்கு அதுதான் முதல் பாதுகாப்பு, பெல்ட் அடுத்ததுதான். அந்த நன்றிக்காக, இந்தக் குறிப்பிலும் அந்தப் பெயரை நான் எழுதவில்லை.