ஆசிட்டுக்குப் பயந்து எழுதிய கடிதம்

அன்று தலைமையாசிரியர் அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: தலைமையாசிரியர், என் மகள், என் மனைவியின் தம்பி, நான். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. நான் எட்டோடு நின்றவன், மச்சான் பத்தாவது படித்தவன். பேச ஓர் ஆள் வேண்டுமே என்று நான்தான் அவனைக் கூட்டிப் போயிருந்தேன். அது தப்பு என்பது உட்கார்ந்த ஐந்தாவது நிமிடமே தெரிந்துவிட்டது.

மகள் அந்தப் பள்ளியில்தான் வணிகவியல் பிரிவில் பன்னிரண்டாவது முடித்திருந்தாள். நல்ல மார்க். ஆனால் அவளுக்கு வேண்டியது மருத்துவம். அந்த விண்ணப்பத்தில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மார்க் எழுதக் கட்டங்கள் இருந்தன. எழுத அவளிடம் ஒன்றும் இல்லை. அதனால் மறுபடி பதினோராம் வகுப்பில், அறிவியல் பிரிவில் இடம் கேட்டுப் போயிருந்தோம்.

தலைமையாசிரியர் ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். இரண்டு வருடம் முன்பு, அவள் பதினொன்றில் சேரும்போது நான் கொடுத்தது. என் கையெழுத்துதான். 'என் மகளை சயின்ஸில் சேர்க்க வேண்டாம்.'

"மார்க் இருக்கு, சயின்ஸ் எடுக்கட்டும்னு நாங்க சொன்னோம். நீங்கதான் இதைக் குடுத்தீங்க."

ஆமாம். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் இரும்புக் கம்பியை ஆசிட் தொட்டியில் முக்கித் துரு எடுக்கிறவன் நான். கூட வேலை செய்தவர் முகத்தில் அது தெறித்ததைப் பார்த்தவன். சயின்ஸ் என்றால் லேபில் ஆசிட் இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். மூன்று நாள் தூங்கவில்லை. நான்காம் நாள் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவளைக் கேட்கவே இல்லை.

"இன்னும் ரெண்டு வருசம், அப்புறம் டாக்டருக்கு அஞ்சாறு வருசம்," என்று மச்சான் ஆரம்பித்தான். "அதுக்குள்ள இவளுக்கு முடி நரச்சிடும் மச்சான். பேசாம பி.காம்ல சேத்துட்டு மாப்ள பாரு."

"நரச்ச டாக்டரா பாத்துதான மாமா நீ ஊசி போட்டுக்கினு வர்ற," என்றாள் மகள்.

தலைமையாசிரியர் சிரிப்பை மறைக்கக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "சின்னப் பசங்களோட உட்காரணும். பாதியில நின்னா எங்க பேர்தான் கெடும். மேல இருந்து கேட்டா இந்த லெட்டரைத்தான் நான் காட்ட முடியும்," என்றார்.

பஸ் லேட்டானாலே பயப்படுகிறவன் நான். ஆனாலும் சொன்னேன்: "பயந்து எழுதினேன் சார். இப்பவும் பயந்துகினுதான் கீறேன். பயம் எனக்கு, படிக்கப்போறது அவ. ஒரு தாள் குடுங்க. வேற எழுதித் தர்றேன். அதைக் காட்டுங்க."

மச்சான் என் முழங்கையைப் பிடித்தான். "இன்னா மச்சான், ஊட்ல போய் பேசிக்கலாம் வா."

"நீ வெளிய டீ சாப்ட்டுக்கினு இரு," என்றேன். அவனிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

எழுதினேன். கோணல் எழுத்து. 'என் மகள் லேபில் ஆசிட்டைத் தொடலாம். எனக்கு முழு சம்மதம்.' அவர் இரண்டு முறை படித்தார். பழையதைக் கிழிக்கச் சொன்னேன். ரெக்கார்டைக் கிழிக்கக் கூடாது என்றார். அப்படியானால் அதன் மேலேயே இதைப் பின் குத்துங்கள் என்றேன். குத்தினார். சேர்க்கைப் படிவத்தை மகளிடம் நீட்டினார்.

லேப் கட்டணத்தோடு ஆறாயிரத்து ஐந்நூறு. கையிலிருந்த இரண்டாயிரத்தைக் கட்டி ரசீது வாங்கினோம். பாக்கி நாலாயிரத்து ஐந்நூறு.