முதுசக் கண்

குஞ்சியப்புவின் வாயை அடைக்க எங்கள் வீட்டில் ஒருவருக்கும் துணிவு இருக்கவில்லை. அவர் அப்புவின் தம்பி. தகப்பனை நாங்கள் அப்பு என்றுதான் கூப்பிடுவோம். அப்புவுக்குக் கண் போனபிறகு வீட்டு நாட்டாண்மை அவர் கைக்குப் போயிற்று.

அப்புவின் கண் ஒரேயடியாகப் போகவில்லை. தூரத்துப் பனையில் தொங்கும் குலையைச் சொல்லுவார். பக்கத்தில் நின்று கும்பிட்டவரைத் தெரியாது. தலைக்கனம் பிடித்துவிட்டது என்று ஊர் கதைத்தது. புகையிலைக் கன்றுகளை மிதித்தார், வாசல் படலையில் இடித்துக்கொண்டார். கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டொக்டர் 'குளோக்கோமா' என்றார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைக் கெடுத்துவிட்டதாம். போன பார்வை திரும்பாதாம். "பரம்பரையிலை ஓடுற வருத்தம். பிள்ளையளைக் கொண்டுவந்து காட்டுங்கோ" என்றும் சொல்லிவிட்டார்.

குஞ்சியப்பு அண்ணைமார் இருவரையும் மட்டும் வண்டியில் ஏறச் சொன்னார்.

"அப்ப நான்?"

"பெட்டைக்கு என்னத்துக்கு? தேப்பன்ரை முதுசம் பெடியளுக்கு. உனக்குத் தாயின்ரை சீதனம். கண்ணும் அப்பிடித்தான்."

சிரிக்காதீர்கள். தகப்பன்வழிக் காணி ஆண்களுக்கு, தாய்வழிக் காணி பெண்களுக்கு என்ற வழக்கம் இரத்தத்துக்கும் உண்டென்று எங்கள் பக்கத்தில் படித்தவர்களும் நம்பினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மூக்கு அப்புவின்ரை மூக்கெண்டு எல்லாரும் சொல்லுறியள். அது ஆர் எழுதின உறுதிப்பத்திரம்?" என்று கேட்டபடி வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தேன். இறங்கச் சொன்னார்கள். இறங்கவில்லை.

அண்ணைமாருக்கு ஒரு குறையும் இல்லை. என்னைத்தான் டொக்டர் நெடுநேரம் பார்த்தார். மூடிய இமையை விரலால் அழுத்திப் பார்த்தார். மருந்து விட்டு மரத்துப்போன கண்ணின்மேல் ஒரு சின்னக் கருவியை நிறுத்தி அளந்தார். முன்னால் இருந்து, ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி, விரலை ஓரத்திலிருந்து கொண்டுவந்து, தெரிகிறதா என்று கேட்டார்.

"வருத்தம் இன்னும் வரேல்லை. அழுத்தம் கொஞ்சம் கூட. வந்தாலும் நோகாது, சொல்லாமல்தான் வரும். ஆறு மாதத்துக்கு ஒருக்கால் வரவேணும்" என்றார். நான் பயந்துதான் போனேன்.

"கலியாணம் முடியுமட்டும் அந்தப் பக்கம் தலை வைச்சும் படுக்கப்படாது" என்றார் குஞ்சியப்பு. நான் தவணை தவறாமல் போனேன்.

அச்சுவேலியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். தகப்பனுக்குக் கண் எப்படிப் போனது என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டாள். தோட்டத்து வெயில் என்று குஞ்சியப்பு அளந்தார்.

"இல்லை மாமி, பரம்பரை வருத்தம். எனக்கும் வரலாம். ஆறு மாதத்துக்கு ஒருக்கால் காட்டுறன். கலியாணத்துக்குப் பிறகும் காட்டுவன்" என்றேன். வெற்றிலைத் தட்டத்தைத் தொடாமலே எழுந்து போனார்கள்.

"இனி உன்னை ஆர் கட்டுவான்?" என்று குஞ்சியப்பு கத்தினார்.

"கண் போனால் ஆர் வைச்சிருப்பான்?" என்று நானும் கத்தினேன். அம்மா அழுதாள். அப்பு குறுக்கிட்டார். "தம்பி, கண் போனது எனக்கு. நீ சும்மா இரு."

அதன்பிறகு அப்பு தாமே ஒரு வேலையை எடுத்துக்கொண்டார். காலையில் என்னை முன்னால் இருத்துவார். டொக்டர் செய்ததை நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி, விரலை ஓரத்தால் மெல்லக் கொண்டுவருவார்.

"தெரியுதோ?"

"ஓம் அப்பு."

கண் தெரியாதவர் கண் பார்க்கிறார் என்று குஞ்சியப்பு நக்கலடித்தார். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

ஒரு மார்கழிக் காலை. "தெரியுதோ?" என்றார். அவர் கை நீட்டியிருப்பது தோளின் அசைவில் தெரிந்தது. விரலைக் காணவில்லை. ஓம் என்று சொல்லியிருக்கலாம், அவருக்கு எப்படித் தெரியும்? அந்த ஓமுக்காகவே அவர் முகம் காத்திருந்தது.

"இல்லை அப்பு" என்றேன்.

விரல் கொஞ்சநேரம் அங்கேயே நின்றிருக்க வேண்டும். பிறகு வண்டியைக் கட்டச் சொல்லிக் குரல் கொடுத்தார். அன்றே ஆஸ்பத்திரியில் சொட்டுமருந்து தொடங்கியது. போன ஓரம் திரும்பி வரவில்லை. அதற்குமேல் ஒரு நூல் அகலமும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.