சாய்ந்த மரத்துப் பக்கம்

இந்த மாதிரி விஷயங்களில் எனக்குக் கொஞ்சம்கூட நம்பிக்கை கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைக் கேட்டு முடித்ததும் நீங்கள் என்னை எப்படிப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், என் சொந்தத் தங்கச்சியே அப்படித்தான் பார்த்தாள். பாகலூரில் எங்கள் தெருவில் யாருக்காவது காய்ச்சல் என்றால் மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள், நான் மாத்திரை வாங்கிக் கொடுத்து அனுப்புகிறவள். என் வேலையும் அப்படிப்பட்டது. ஓசூரில் ஒரு அச்சகத்தில் நிறம் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறேன். ஒரு புத்தகம் மெஷினுக்குப் போகும் முன் அதன் படங்களை மாதிரித் தாளில் அடித்து, மூலத்தில் உள்ள சிவப்பே தாளிலும் வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கும் வெறும் கண் போதாது, நிறம் அளக்கும் மீட்டர் வைத்துப் பார்ப்போம். கண் ஏமாற்றும் என்பதுதான் இந்த வேலையில் சேர்ந்ததும் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம்.

அந்த வருஷம் வெளிநாட்டுப் பதிப்பகம் ஒன்றிடமிருந்து ஒரு வேலை வந்தது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் இருந்த ஒரு கவிஞர், தன் கவிதைகளைத் தானே செம்புத் தகட்டில் எழுத்தும் படமுமாகச் செதுக்கி, பழுப்பு மையில் அச்சடித்து, பிறகு ஒவ்வொரு பிரதிக்கும் கையாலேயே வண்ணம் தீட்டியிருக்கிறார். அதனால் ஒரு பிரதி மாதிரி இன்னொன்று இருக்காதாம், ஒன்றில் விடியற்காலை வானம் என்றால் இன்னொன்றில் அதே வானம் அந்தியாக இருக்குமாம். அந்தப் புத்தகத்தை அசல் போலவே அச்சடித்துத் தர வேண்டும். எனக்குக் கவிதை புரியவில்லை, புரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் படங்களை வாரக்கணக்கில் லென்ஸ் வைத்துப் பார்த்ததில் அந்த மலைகளும் ஓடைகளும் எனக்கு வீட்டுச் சுவர் மாதிரி பழகிவிட்டன.

அதில் ஒரு பக்கத்துக்கு நாங்கள் வைத்த பெயர் சாய்ந்த மரத்துப் பக்கம். ஓரத்தில் ஒரு மரம் சாய்ந்து மேலே ஏறும், அதன் கிளைகள் கவிதை வரிகளுக்கு நடுவில் புகுந்து ஓடும். அடிமரம் இரண்டாகப் பிளந்து, கொஞ்சம் மேலே போய் மறுபடி ஒன்றாகச் சேர்ந்திருக்கும், ஊசியின் காது மாதிரி நடுவில் ஒரு ஓட்டை. எதிர்ப்பக்கம் ஒரு பாறை இன்னொரு பாறையை முதுகில் சுமந்துகொண்டிருக்கும். நடுவில் வற்றிய ஓடை, பின்னால் மலைகள். ஆள் யாரும் கிடையாது. இதை அழுத்திச் சொல்கிறேன், அந்தப் பக்கத்தில் ஆளே கிடையாது.

ஒரு நாள் எனக்குக் காலை ஷிஃப்ட். என் வீட்டுக்காரர் முனிராஜ் என்னைக் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் இறக்கிவிட்டு, அப்படியே பைக்கில் அஞ்செட்டிக்குப் போனார். மாட்டுத்தீவனம் விற்கிற கம்பெனியில் அவருக்கு வேலை, மலைக் கிராமங்களில் மாடு வைத்திருப்பவர்களிடம் ஆர்டர் எடுக்க அடிக்கடி போவார். அங்கே பாதி இடத்தில் டவர் கிடைக்காது, அதனால் போன் வராவிட்டால் நான் கவலைப்படுவதும் இல்லை.

டிபன் இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் சாய்ந்த மரத்துப் பக்கத்தின் புது ப்ரூஃப், அதாவது மாதிரித் தாள், வந்தது. மேஜையில் விரித்து லென்ஸை வைத்தேன். மரத்தடியில், ஓடைக்கு இந்தப் பக்கம், ஒரு ஆள் மல்லாந்து படுத்திருந்தான். அரிசி அளவுதான் இருப்பான். பழுப்பு வரைகோட்டில் உடம்பு, சட்டை இருக்கிற இடத்தில் மங்கலான மெரூன் நிறம், ஒரு கால் மடங்கி இருந்தது. கறை என்று நினைத்துத் தாளைத் திருப்பிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன். பிறகு சூப்பர்வைசர் செல்வகுமாரைக் கூப்பிட்டேன். சிவகாசிக்காரர், சின்ன வயதிலிருந்தே அச்சு மையோடு இருப்பவர்.

அவர் லென்ஸில் கண்ணை வைத்து ரொம்ப நேரம் எடுக்கவில்லை. “ஏம்மா கவிதா, இதுல ஆளு கெடையாதுல்லா?”

“இல்ல சார்.”

அசல் பக்கத்தின் ஸ்கேனைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தோம். மரத்தடியில் வெறும் பச்சை, பிரஷ் இழுத்த தடம்தான். மறுபடி ஒரு ப்ரூஃப் அடித்தோம், அதிலும் அந்த ஆள் இருந்தான்.

“ஸ்கேன்ல இல்லாதது தாள்ல எப்பிடி வரும்? மிஷின்காரனக் கூப்பிட்டுப் பாக்கச் சொல்லுவோம்” என்றார். நான் இரண்டு தாளிலும் அந்த இடத்தைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, கழிக்க வேண்டிய தாள்களோடு வைத்துவிட்டு வேறு பக்கத்துக்குப் போய்விட்டேன். எனக்கு அப்போது பயமோ வேறு எதுவுமோ தோன்றவில்லை, எரிச்சல்தான்.

ஷிஃப்ட் முடிந்து லாக்கரிலிருந்து போனை எடுத்தால் தெரியாத நம்பரிலிருந்து நிறைய அழைப்புகள். திருப்பிக் கூப்பிட்டால், அஞ்செட்டிக்குப் பக்கத்தில் பால் மாடு வைத்திருக்கும் ஒருவர் பேசினார். “காலையிலயே வர்றேன்னாருமா உங்க வீட்டுக்காரரு, இன்னும் வரல. அவரு நம்பரும் போவல, அதான் கம்பெனில கேட்டு உங்க நம்பர வாங்குனேன்” என்றார். எனக்கு அப்போதுதான் அந்த மெரூன் சட்டை ஞாபகம் வந்தது. முனிராஜின் கம்பெனி டீஷர்ட் அந்த நிறம்.

என் கொழுந்தன் நாகராஜ் லோடு வண்டி ஓட்டுகிறான், அவனை வரச் சொல்லி இரண்டு பேரும் கிளம்பினோம். தேன்கனிக்கோட்டையில் அவர் வழக்கமாக நிற்கும் டீக்கடையில் விசாரித்தோம். காலையில் டீ குடித்துவிட்டு மலைப்பக்கம் போனதாகச் சொன்னார்கள். அதற்கு மேல் காட்டு ரோடு, வளைவுகள். நாகராஜ் வண்டியை நடக்கிற வேகத்தில் ஓட்டி, ஒவ்வொரு வளைவிலும் டயர் தேய்ந்த தடம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தான். எதிரே ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவரை நிறுத்திக் கேட்டதற்கு, “இல்லி யாரூ பீள்லில்லம்மா” என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுத் தலையை ஆட்டினார். இங்கே யாரும் விழவில்லை என்றால் நல்லதுதானே என்று நாகராஜ் என்னைத் தேற்றினான்.

ரோட்டின் இறக்கத்தில் இன்னும் கொஞ்சம் போனோம். ஒரு வளைவில் திரும்பும்போது வலது பக்கம் பள்ளத்துக்கு அப்பால் ஒரு பாறை இன்னொரு பாறையை முதுகில் சுமந்துகொண்டு நின்றது. நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள், பாறைகள் எங்கேயும் அப்படி இருக்கும் என்று நீங்கள் சொல்வதற்கு முன்னால் நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். பின்னால் இருந்த மலைகளின் மேல்விளிம்புக் கோட்டைப் பார்த்தேன். வாரக்கணக்கில் லென்ஸில் பார்த்த கோடு, அந்த ஏற்றம் இறக்கம் எனக்கு மனப்பாடம். அதே கோடு.

“நாகராஜ், வண்டிய நிறுத்து.”

“இங்க என்னா அண்ணி இருக்குது? ரோட்டுல ஒரு கீறல்கூட இல்ல, செவுரும் அப்பிடியே இருக்குது.”

“நிறுத்துடா.”

இறங்கி, தடுப்புச் சுவரைத் தாண்டி, லண்டானா புதரைப் பிடித்துக்கொண்டு சறுக்கிச் சறுக்கிப் போனேன், அவர் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே போனேன். பின்னால் நாகராஜ் திட்டிக்கொண்டே வந்தான். கீழே போனதும் முதலில் மரம்தான் தெரிந்தது. சாய்ந்திருந்தது. அடிமரம் பிளந்து மறுபடி சேர்ந்திருந்தது, அந்த ஓட்டை வழியாக அந்தப் பக்கத்து வெயில் தெரிந்தது. மரத்தடியில், வற்றிய ஓடைக்கு இந்தப் பக்கம், முனிராஜ் மல்லாந்து படுத்திருந்தார். ஒரு கால் மடங்கி இருந்தது. கண் திறந்திருந்தது, என்னைப் பார்த்ததும் உதடு அசைந்தது.

அதற்கு மேலே இருந்த வளைவிலேயே அவர் ரோட்டை விட்டு விலகி, புதருக்குள் பைக்கோடு உருண்டிருக்கிறார். புதர் மறுபடி மூடிக்கொண்டதால் மேலே தடம் தெரியவில்லை. நாகராஜ் அவரைத் தூக்கப் போனான், அவர் வலியில் போட்ட சத்தத்தைக் கேட்டு நான் தடுத்துவிட்டேன். டவர் கிடைக்கிற இடத்துக்கு அவன் ஓடிப் போய் ஆம்புலன்ஸுக்குச் சொன்னான். பலகையில் கட்டித்தான் மேலே ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் முதுகெலும்பில் விரிசல் என்றார்கள். கீழே கிடந்தபோது எழுந்திருக்க முயற்சி பண்ணியிருந்தால், ஏன், ஒருக்களித்துப் படுத்திருந்தால்கூட இரண்டு காலும் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். “இவ்வளவு நேரம் எப்படிம்மா அசையாம இருந்தாரு?” என்று என்னைக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்.

அவர் வீட்டுக்கு வந்த பிறகுதான் நான் வேலைக்குப் போனேன். செல்வகுமார் என்னைப் பார்த்ததும் அந்த இரண்டு ப்ரூஃபையும் எடுத்து விரித்தார். என் சிவப்பு வட்டம் இருந்தது, உள்ளே பச்சை மட்டும் இருந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தேன், மீட்டரை வைத்தும் பார்த்தேன். அந்த இடத்தில் பழுப்பும் இல்லை, மெரூனும் இல்லை.

“நான் பாத்தேம்மா” என்றார். “நீ மட்டும் பாத்திருந்தா நானே நம்பிருக்க மாட்டேன். ஆனா நானும் பாத்தேன்.” அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. புத்தகம் அச்சாகி, கட்டப்பட்டு, பெட்டியில் ஏறிப் போய்விட்டது. பதிப்பகத்திலிருந்து நிறம் பிரமாதம் என்று எழுதியிருந்தார்கள்.

நான் இதையெல்லாம் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. உடம்பு தேறட்டும் என்றுதான் விட்டேன். அந்த இடம் எப்படித் தெரிந்தது என்று அவர் கேட்டபோது, சும்மா இறங்கிப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன். ஆகவே அவர் பிறகு என்னிடம் சொன்னது, அந்தப் புத்தகத்தைப் பற்றி என் வாயிலிருந்து எதையும் கேட்காமல் சொன்னது, அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சில மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்கிற பயிற்சி முடிந்து உட்கார்ந்தவர், தானாகவே ஆரம்பித்தார்.

“அன்னிக்கு அங்க ஒருத்தர் இருந்தாரு, கவிதா.”

“எங்க?”

“அந்தப் பள்ளத்துல. எதிர்ல கல்லு மேல உக்காந்துனு இருந்தாரு. வயசானவரு. மடியில பலக மாதிரி ஒண்ணு. நிமிந்து என்னப் பாப்பாரு, குனிஞ்சு அதுல என்னமோ கீறுவாரு. மறுபடி பாப்பாரு, குனிவாரு. நான் எழுந்திருக்கப் பாத்தேன். கைய ஒசத்தி, அசையாதேன்னாரு.”

“என்ன பாஷையில சொன்னாரு?”

அவர் யோசித்தார். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுகிறவர் அவர்.

“அதான் தெரியல. இது மூணும் இல்ல. ஆனா சொன்னது புரிஞ்சுது. கோவமா சொல்லல. சரி, இவரு வேலைய முடிக்கட்டும், அதுவரைக்கும் கெடப்போம்னு படுத்துனு இருந்தேன். வலியே தெரியல.”

“முடிச்சாரா?” என்று கேட்டுவிட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை.

“இல்ல. இன்னும் கொஞ்சந்தான் மிச்சம்ன்ற மாதிரி மும்முரமா குனிஞ்சுனு இருந்தாரு. அதுக்குள்ள மேல இருந்து உன் சத்தம் கேட்டுச்சு. ஒரு தடவ உன் பக்கம் திரும்பிப் பாத்தாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் உன்னையும் அதே மாதிரி நிமிந்து பாத்தாரு, குனிஞ்சாரு” என்றார் முனிராஜ்.