டெக்கரேஷனும் நான்கு எலுமிச்சம்பழங்களும்

அகராதியில் டெக்கரேஷன் என்றால் அலங்காரம். கொருக்குப்பேட்டையில் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். எங்களுக்கு அலங்காரம் என்பது அம்மனுக்குச் செய்வது. பிறந்தநாளுக்கு பலூன் கட்டினாலும், கல்யாண வீட்டு வாசலில் சீரியல் லைட் செட் போட்டாலும், சாவு வண்டிக்குப் பூச்சரம் சுற்றினாலும் அது டெக்கரேஷன்தான்.

நான் வேலை பார்க்கும் திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டிலோ அதற்குப் பொம்பளை வேலை என்று அர்த்தம். பெட்டி நம்பர் குறித்துக்கொண்டிருந்த நான்தான் அங்கே ஒரே பெண். ஆயுத பூஜை வந்தால் போதும், "டெக்கரேஷன நீ பாத்துக்கமா" என்று மேஸ்திரி என் தலையில் கட்டிவிடுவார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட லைசென்ஸ் எடுத்து இரண்டு வருஷமாகியும் சாவி மட்டும் என் கைக்கு வரவே இல்லை.

அந்த வருஷம் ஃபோர்க்லிஃப்டின் பழைய டிரைவர் மீஞ்சூரில் வேறு வேலைக்குப் போய்விட்டார். வண்டிக்கு ஆள் இல்லை. எங்கள் யார்டில் ஒரு வழக்கம் உண்டு. பூஜை முடிந்ததும் சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழம் வைப்போம். வண்டியை ஏற்றி அவற்றை நசுக்குகிறவர்தான் அடுத்த பூஜை வரை அந்த வண்டிக்கு டிரைவர். மேஸ்திரி தன் மச்சானை வரச் சொல்லியிருந்தார். அவரும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

அன்றைக்கு வாழைக்கன்று, மாவிலை, பலூன் எல்லாம் எந்த வருஷத்தையும்விட நன்றாகவே கட்டினேன். பழம் வைப்பதும் டெக்கரேஷனில்தான் சேர்த்தி. அதை மட்டும் வைக்கவில்லை.

கற்பூரம் காட்டி முடித்தார்கள். மச்சான் வண்டியை நோக்கி நடந்தார்.

"பழம் எங்கமா?" என்றார் மேஸ்திரி.

"என் கைல கீதுண்ணே. சாவி குடு, வெச்சிட்டு நானே ஏத்துறேன்."

"பூஜை அதுவுமா பேஜாரு பண்ணாத."

"இதுல இன்னா பேஜாரு? எனக்கு லைசென்ஸ் கீது. உன் மச்சானுக்குக் கீதானு கேளு."

மச்சான் சட்டைப் பொத்தானைத் திருகினார். கூட்டத்திலிருந்த லாரி டிரைவர் ஒருவர், "குடு மேஸ்திரி, நல்ல நேரம் போய்கினு கீது" என்றார். மேஸ்திரி எங்கேயோ பார்த்துக்கொண்டு சாவியை நீட்டினார்.

நான்கு பழத்தையும் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன். மெதுவாக பெடலை அழுத்தினேன். நான்கும் நசுங்கின.

நான் இறங்கியதும் மேஸ்திரி கேட்டார்: "சரி, அடுத்த வருஷம் டெக்கரேஷன் யாரு பண்றது?"

"உன் மச்சான் சும்மாதான கீறாரு" என்றேன்.