தட்டை கடித்த மதியம்

முதலில் ஒரு மன்னிப்பு. பத்தாவது வரைக்கும்தான் படித்தவள் நான். தமிழ் எழுத்துகூடப் பாதி சர்ச்சின் ஞாயிறு வகுப்பிலும், மீதி பொட்டலம் மடிக்க வரும் பழைய பேப்பரிலும் கற்றுக்கொண்டதுதான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிற ஒருத்தி எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரியும். ஆனாலும் போன வாரம் பம்பாய் லோக்கல் ரயிலில் கேட்ட ஒரு சத்தத்தை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். நீங்கள்தான் அகப்பட்டீர்கள்.

வாஷியில் ஒரு கடைக்குச் சரக்குக் கொடுத்துவிட்டு சுனாபட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். செம்பூரில் ஏறிய ஒரு பெண் எதிரில் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, ஒரு தட்டையைக் கடித்தாள். கடக். யாரும் திரும்பவில்லை. எல்லார் காதிலும் ஏதோ ஒன்று செருகியிருந்தது. நான் மட்டும் விறைத்து நிமிர்ந்து, யாராவது மணி அடித்துக் கண்டிக்கப் போகிறார்களா என்று சுற்றிலும் பார்த்தேன். ஐம்பதைத் தொடப்போகிற வயதில் இப்படி ஒரு பயம்.

அந்த மணி என் பள்ளிக்கூடத்து மணி. செம்பூரில், ஒரு மாமரத்துக்குப் பின்னால், ஓடு வேய்ந்த சின்னக் கட்டடம். கிறிஸ்தவர்கள் நடத்திய தனியார் பள்ளி. பம்பாயில் மற்ற பிள்ளைகள் எல்லாம் கணக்கையும் விஞ்ஞானத்தையும் மனப்பாடம் செய்துகொண்டிருந்த காலத்தில், எங்களுக்கு லத்தீன் சொல்லிக்கொடுத்தார்கள். தர்க்கம் என்று தனியாக ஒரு வகுப்பு. கிரேக்கர் கதை, ரோமர் கதை. ஒன்பதாவதுக்குப் போனால் மேடைப் பேச்சு. இங்கே படித்தவர்கள் எந்தக் கல்லூரியிலும் போய்த் தலைநிமிர்ந்து நிற்கலாம் என்று பிரின்சிபல் அடிக்கடி சொல்வார். கல்லூரிக்கென்றே ஆள் தயார் செய்த அந்தப் பள்ளியில் படித்துவிட்டு, கல்லூரி வாசலை மிதிக்காதவள் அநேகமாக நான் ஒருத்திதான். அதற்குப் பெரிய சோகக் கதை எதுவும் இல்லை. பத்தாவது முடித்ததும் கடையில் உட்கார்ந்தேன். எனக்குக் கடை பிடித்திருந்தது.

கடை என்றால் தாராவியில் எங்கள் முறுக்குக் கடை. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து போட்ட அடுப்பு. எங்கள் சர்ச் போதகர் சிபாரிசு செய்துதான் அந்தப் பள்ளியில் எனக்கு இடம் கிடைத்தது. தர்க்க வகுப்பில் நான் கற்றதை எல்லாம் அப்பாவிடம்தான் பரீட்சித்துப் பார்ப்பேன். "அப்பா, நீங்க சொல்லுத முடிவு சரி. ஆனா அதுக்குச் சொன்ன காரணம் தப்பு" என்பேன். "காரணத்த நாளைக்குப் பாப்போம்ட்டி. இப்பம் அந்த மாவ எடு" என்பார். அந்த வாதத்தை முறியடிக்க எந்த மிஸ்ஸும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

எங்கள் வீடே எண்ணெய் வாசம். யூனிஃபார்மும் எண்ணெய் வாசம்தான், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. முதல் நாள் அதனாலேயே கடைசி பெஞ்சில் ஓரமாக ஒண்டி உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த பெண் மூக்கை உறிஞ்சினாள். போச்சு என்று நினைத்தேன். "உங்காத்துல இன்னிக்குத் தட்டை பண்ணினாளா?" என்றாள். அவள் வசந்தி. மாட்டுங்காவில் பாலக்காட்டுக் குடும்பம், அவள் அப்பா பேங்க்கில் ஆபீசர். வாய் மூடாதவள். வாசனையை வைத்தே தட்டை வேறு முறுக்கு வேறு என்று சொல்லத் தெரிந்தவளை நான் எப்படி விடுவேன்?

இப்போது அந்தச் சாப்பாட்டு வேளைக்கு வருகிறேன். அந்தப் பள்ளியில் மதியம் யாரும் பேசக்கூடாது. நீள மேசைகளில் அறுபது பிள்ளைகள் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு சாப்பிட, ஒருவர் மட்டும் முன்னால் மர ஸ்டாண்டில் புத்தகத்தை வைத்து உரக்க வாசிப்பார். அந்தக் காலத்துக் கிறிஸ்தவ மடங்களில் அப்படித்தானாம். லத்தீன் மிஸ் கையில் ஒரு சின்ன மணியோடு மேற்பார்வை பார்ப்பார். பேசினால் மணி. ஸ்பூன் விழுந்தால் மணி. மற்றவர்களுக்கு இது நரகம். எனக்கோ சொர்க்கம். இந்த உலகத்தில் யாரும் என்னைப் பேசச் சொல்லாத அரை மணி நேரம் அது ஒன்றுதான்.

ஒரே ஒரு சிக்கல். வாசிக்கிற முறை எல்லாருக்கும் வரும். ஆறாவதில் வகுப்பில் ஒரு வரி வாசித்தேன். பின்னாலிருந்து ஒரு பையன் அதே வரியை என் தாராவி ராகத்தில் பாடிக் காட்டினான். வகுப்பே சிரித்தது. அதோடு என் குரல் உள்ளே போனது, வெளியே வரவில்லை. என் முறை வரும்போதெல்லாம் வசந்தி எழுந்து, "மிஸ், இவளுக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்று சொல்லி எனக்குப் பதிலாக வாசித்துவிடுவாள். கூலி, நாலு தட்டை. இப்படி இரண்டு வருஷம் ஓடியது.

எட்டாவதில் மிஸ் என்னைக் கூப்பிட்டார். "உன் தொண்டை ரெண்டு வருஷமா ரெஸ்ட் எடுத்தாச்சு. வியாழக்கிழமை நீயே படிக்கணும். ஒரு பக்கம், உன் வாயால. பெயருக்கு எதிரில் டிக் இல்லைன்னா ஒன்பதாவது கிடையாது. வேற ஸ்கூல் பார்த்துக்கணும்" என்று இந்தியும் இங்கிலீஷும் கலந்து, கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

சயான் வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். வேறு பள்ளிக்கூடம் போவதில்கூட எனக்கு வருத்தமில்லை. அங்கே வசந்தி இருக்க மாட்டாளே.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வசந்தி கேட்டாள்: "டென்ஷன் மத் லே, கவலைப்படாதே. படிக்கறதுல நோக்கு என்ன பயம்? படிக்கத் தெரியாதா?"

"எல்லாருக்கும் கேக்குமே."

வசந்தி என் மடியில் இருந்த டப்பாவைத் தட்டிப் பார்த்தாள். "கேக்காம பண்ணிட்டா?"

"எப்படி?"

"தட்டை எத்தனை கொண்டு வர முடியும்?"

வீட்டில் அம்மாவிடம் அறுபது தட்டை கேட்டேன். "எதுக்குட்டி அம்புட்டு? பள்ளிக்கூடத்துல யாருக்கும் கல்யாணமா?" என்றாள் அம்மா. ஜெபக்கூட்டம் என்று புளுகினேன். ஜெபம் என்றதும் அம்மா நல்லதாகப் பார்த்து, கூடவே ஒன்று சேர்த்து, அறுபத்தியொன்றாக டப்பாவில் அடுக்கினாள். கடலைப்பருப்பு தூக்கலாகப் போட்ட, கெட்டித் தட்டை.

வியாழக்கிழமை. மணி அடிப்பதற்கு முன்பே வசந்தி மேசை மேசையாகப் போய் ஆளுக்கு ஒன்று வைத்தாள். "அவ ஆரம்பிச்சதும் கடிங்கோ. முன்னாடியே முழுங்கினவாளுக்கு ஜென்மத்துக்கும் தட்டை கிடையாது" என்று மிரட்டல் வேறு. என்னைப் பாடிக் காட்டிய பையனுக்கும் ஒன்று வைத்தாள். மிச்சம் இருந்த ஒன்றை, எந்தத் தைரியத்தில் என்று தெரியவில்லை, மிஸ்ஸின் தட்டு ஓரத்திலேயே வைத்துவிட்டு வந்தாள்.

நான் ஸ்டாண்டில் ஏறினேன். புத்தகத்தில் ஒரு படைத்தலைவன் யானைகளோடு பனிமலையைத் தாண்டுகிற இடம். வாயைத் திறந்தேன். அதே நொடியில் ஆரம்பித்தது பாருங்கள், ஓட்டு வீட்டின் மேல் ஆலங்கட்டி மழை பெய்கிற மாதிரி! அறுபது வாய், அறுபது தட்டை. மிஸ் மணியை அடித்தார். மணிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவ்வளவு நிம்மதியாக நான் அதுவரை எதையும் வாசித்ததில்லை. ராகம் போட்டேன், நிறுத்தினேன், மூச்சு வாங்கினேன், தாராவி மாதிரியே வாசித்தேன்.

எங்கள் கணக்கில்தான் ஒரு ஓட்டை. தட்டை செய்கிற வீட்டுப் பெண், ஒரு தட்டை வாயில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று யோசிக்கவே இல்லை. கெட்டித் தட்டையானாலும் ஒன்றுக்கு ஒரு நிமிஷம்தான். ஒரு பக்கத்துக்கோ ஐந்து நிமிஷம். நான் இரண்டாவது பத்தியில் இருந்தபோது மழை விட்டுக்கொண்டிருந்தது. அங்கே ஒரு கடக், இங்கே ஒரு மொறுக். பிறகு அதுவும் இல்லை. வசந்தி என்னைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தாள். தீர்ந்துபோச்சு.

நிறுத்தியிருப்பேன். ஆனால் அந்த நேரம் பார்த்து யானைகள் வழுக்குப் பாறையில் நின்றுகொண்டிருந்தன. முன்னால் இருந்த யானை காலை எடுத்து வைக்க மறுக்கிறது. கீழே பள்ளம். அதை அப்படியே அந்தரத்தில் விட்டுவிட்டு இறங்க எனக்கு மனசு வரவில்லை. அடுத்த வரியை வாசித்தேன். அதற்கு அடுத்ததையும். என் ராகம் அந்த ஹாலில் சுவரில் இடித்துத் திரும்பி வந்து என் காதிலேயே விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. பக்கம் முடிந்து புத்தகத்தை மூடியதும், அந்தப் பையன் பேசக்கூடாத இடத்தில் வாய்விட்டே கேட்டான்: "அரே, ஹாத்தி கா க்யா ஹுவா?" யானைக்கு என்ன ஆச்சு என்று.

மிஸ் மணியைக் கையில் எடுத்தார். அடிக்கவில்லை. மணியைக் கீழே வைத்துவிட்டு, தட்டு ஓரத்தில் இருந்த தட்டையை எடுத்து ஒரு கடி கடித்தார். அந்த நிசப்தத்தில் அது பட்டாசு மாதிரி கேட்டது. ஹாலே விழுந்து விழுந்து சிரித்தது. மிஸ் மென்றுகொண்டே நோட்டைத் திறந்து, என் பெயருக்கு எதிரே டிக் போட்டார்.

அந்தப் பள்ளி இப்போது இல்லை. மாமரத்தையும் வெட்டிவிட்டார்கள். அந்த இடத்தில் இருபது மாடி. கீழே உடற்பயிற்சிக் கூடம், கண்ணாடிக்குப் பின்னால் சனம் ஓடிக்கொண்டே இருக்கிறது. வசந்தி வெளிநாட்டில். வாரம் ஒரு தரம் பத்து நிமிஷத்துக்குக் குறையாமல் குரல் செய்தி அனுப்புவாள். நான் பதிலுக்கு இரண்டு வரி டைப் செய்வேன். "வாயத் தொறந்து பேசேன்டீ" என்று இன்னமும் திட்டுகிறாள். ஒருவர் வாசிக்க அறுபது பேர் சும்மா கேட்டுக்கொண்டு சாப்பிடுகிற இடம் இந்த ஊரில் இனி எங்கே இருக்கப்போகிறது? ரயிலில் அந்தப் பெண் மூன்று தட்டை தின்று முடித்தாள். கேட்டவள் நான் ஒருத்திதான்.

அந்த வியாழனுக்கு மறுநாள் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. சாப்பாட்டு வேளைக்குத் தட்டை, முறுக்கு, அப்பளம் கொண்டுவரக் கூடாது என்று எழுதியிருந்தது. நான் அன்றைக்குச் சத்தமே வராத தயிர்சாதம்தான் கொண்டுபோயிருந்தேன்.